இருளில் வந்தவர் யார்?

பட்டப்பகலில் நம் வேலியருகே முன்பின் அறியாத ஒருவர் நின்றால், "யார் தம்பி, யாரைத் தேடுகிறீர்?" என்று கேட்கிறோம். அவர் வழி கேட்டால் வழி சொல்கிறோம். தாகமென்றால் செம்பில் நீர் வார்க்கிறோம். அதே மனிதர் அதே வேலியருகே நள்ளிரவில் நிற்பாராயின், கேள்வி தொண்டையிலேயே நின்று விடுகிறது. கை பொல்லைத் தேடுகிறது. இவ்வாறு பொல்லைத் தேடிய கைகள் சில வேளைகளில் குற்றமற்றோரின் குருதியிற் படிந்திருக்கின்றன. நம் நாட்டிலும் அயல் நாடுகளிலும் நிகழ்ந்த அத்தகைய இரவுகள் சிலவற்றை எண்ணிப் பார்ப்பது நம் குடும்பத்தினர்க்கும், சிறப்பாக மாணவர்க்கும், பயன் தருவதாகும்.

வெருகற் கரை

திருக்கோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு கடலை நோக்கிச் செல்லுமிடத்தில் அமைந்தது வெருகல். ஆற்றைக் கடந்தால் கதிரவெளி. அது மட்டக்களப்பு மாவட்டம். ஆற்றங்கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இவ்வழியாகவே போவர். ஆகவே முன்பின் அறியாத முகங்கள் இவ்வூருக்குப் புதியன அல்ல. காவி உடுத்த கிழவர், குழந்தையைத் தோளிற் சுமந்த தாய், வாய் பேசாது விரதம் காக்கும் அடியார் எனப் பலரும் வருவர். அவர்களுக்கு நீரும் சோறும் கொடுத்து அனுப்புவதைப் புண்ணியமெனக் கருதும் ஊர் இது.

ஆயினும் இவ்வூரின் இரவு எளிதானதன்று. காடு அருகிலிருக்கிறது; யானைகள் பயிரைத் தேடி வரும். கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு கிளை முறிந்தால், அது கன்றுக்குட்டியா, காற்றா, களிறா என்று கிடந்தபடியே செவி கொடுத்துக் கேட்பர். இவற்றோடு மனிதரால் வந்த அச்சமும் சேர்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006 ஆம் ஆண்டு மாவிலாற்று அணைக்கதவின் பொருட்டு மூண்ட போர் இப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தது. அத்தகைய காலத்தில் நள்ளிரவிற் கதவு தட்டப்படுவதற்கு என்ன பொருள் இருந்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தட்டியவருடன் வெளியே சென்றவர் திரும்பி வராத வீடுகள் கிழக்கிலும் வடக்கிலும் பலவாகும்.

தமிழ் கற்கும் மாணவர்க்கு வெருகல் என்ற பெயரைக் கேட்டதும் வெருகு என்னும் சொல் நினைவுக்கு வரக்கூடும். சங்க நூல்களில் வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். மாலை நேரத்தில் வேலிப்புறத்தே வெருகு வந்ததைக் கண்ட வீட்டுக்கோழி, மறைவிடம் அறியாமல், தன் குஞ்சுகளை ஒருங்கு கூட்டத் துன்பக் குரல் எழுப்புகிறது. இருட்டும் வேளையில் வேலிக்கு வெளியே ஏதோ ஒன்று. உள்ளே குஞ்சுகளைக் காக்கத் துடிக்கும் ஒரு தாய். ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத வீட்டுக் காட்சி இது. கோழியின் அச்சத்தை நாம் நகைப்பதில்லை. வேலியோரம் உண்மையாகவே வெருகு நின்றது. ஆனால், அசையும் நிழலெல்லாம் வெருகென்று தோன்றத் தொடங்கினால் என்னாகும்?

2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்

அதற்கு விடை 2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை முழுவதற்கும் கிடைத்தது. 'கிறீஸ் பூதம்' என்றும் 'மர்ம மனிதன்' என்றும் மக்கள் அழைத்த ஒன்று ஊர் ஊராகப் பரவிற்று.

இப்பெயரின் பின்னே ஒரு பழங்கதை உண்டு. அந்நாளிற் கள்வர்கள் கோவணம் மட்டும் கட்டி, உடலெங்கும் எண்ணெயோ கிறீஸோ பூசிக்கொண்டு வருவார்கள் என்பர். பிடித்தால் கையிலிருந்து வழுக்கி ஓடிவிடலாம். இருளில் மினுங்கும் அக்கரிய உருவத்தைக் கண்டவரும் திகைத்து நிற்பர். கள்வனின் இத்தந்திரம் காலப்போக்கிற் பூதமாயிற்று. அப்பூதம் 2011 இல் புதுவடிவம் எடுத்தது. வீடுகளுக்குள் நுழைந்து பெண்களைப் பற்றுகிறதாம், நகத்தாற் கீறுகிறதாம், துரத்தினால் மதில்களைத் தாவி மறைகிறதாம்.

இவ்வச்சம் வெறும் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தைப் பகுதியிற் சில ஆண்டுகளாகப் பெண்கள் கொலையுண்டு வந்த செய்திகள் நாட்டையே கலக்கியிருந்தன. போர் 2009 மே மாதத்தில் முடிந்திருப்பினும், வடக்கிலும் கிழக்கிலும் படைமுகாம்கள் நிறைந்திருந்தன. கணவரை இழந்து தனித்து வாழும் பெண்களும் பலர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் முஸ்லிம் மக்களின் நோன்பு மாதமாகவும் அமைந்தது. ஆடவர் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும் வேளையில் பெண்களும் குழந்தைகளுமே வீட்டிலிருப்பர். அச்சம் குடிபுகுவதற்கு இவற்றினும் ஏற்ற நிலைமை வேண்டுமோ?

திருக்கோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிற் பல ஊர்களில் மக்கள் விழித்திருந்து காவல் காத்தனர். தாங்கள் தாக்கப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டனர். துரத்திச் சென்றவர்களோ, ஓடியவன் படைமுகாமுக்குள் நுழைந்து மறைந்தான் என்று பல இடங்களிற் கூறினர். நம் மாவட்டத்துக் கிண்ணியாவில், ஆகஸ்ட் நடுப்பகுதியில், அவ்வாறு கருதிய மக்கள் கடற்படை முகாம் முன் திரண்டமையாற் பெருங் கலகம் மூண்டது, பலர் கைதாயினர். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் ஆகஸ்ட் 22 ஆந் திகதி இரவு மக்களும் படையினரும் மோதிக்கொண்டதைத் தொடர்ந்து, வீடுகளிலிருந்த ஆடவர் ஏறத்தாழ நூற்றுவர் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். பின்னர் அவர்களிற் பலர் அடிப்படை உரிமை மீறப்பட்டதென நீதிமன்றை நாடினர்.

பூதம் என ஒன்று இல்லை. யாவும் வதந்தியும் சில்லறைக் கள்வர் செயலுமே என்றது அரசாங்கம். கீறலும் காயமும் கண்முன்னே இருக்க, அதனை வதந்தியென எவ்வாறு ஏற்பது என்றனர் மக்கள். அவசரகாலச் சட்டத்தை நீடிப்பதற்காகவே அச்சம் மூட்டப்படுகிறதென ஐயுற்றாரும் உளர். அச்சட்டம் அம்மாத இறுதியிலேயே காலாவதியாயிற்று. முறைப்பாடு ஒவ்வொன்றும் அன்றே நடுநின்று விசாரிக்கப்பட்டு, முடிவு ஊரறியக் கூறப்பட்டிருப்பின் இவ்வையங்களிற் பாதியேனும் தீர்ந்திருக்கும். முறையிடச் செல்லும் இடத்திலேயே நம்பிக்கையில்லாத மக்களுக்கு இருள் இருமடங்காகிறது.

ஆயினும் இக்கதையில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதியொன்றுண்டு. அதுவே நம் நெஞ்சைச் சுடுவது. பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றில், கிறீஸ் பூதம் என்ற ஐயத்தில், இருவரை ஊரார் வெட்டிக் கொன்றனர். புத்தளத்தில் ஆகஸ்ட் 21 ஆந் திகதி திரண்ட கூட்டம் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவரை அடித்துக் கொன்றது. பூதம் எவரையேனும் கொன்றதா என்று வாதிடலாம். பூதத்துக்கு அஞ்சியவர்கள் கொன்றதைப் பற்றி வாதமே இல்லை. கொல்லப்பட்டவர்களுக்கும் வீடு உண்டு. அவ்வீட்டிலும் கதவைப் பார்த்தவாறு காத்திருந்தவர் உண்டு.

கண்ணும் காதும் செய்யும் பிழை

இரவில் நாம் ஏன் இவ்வாறு பிழைபட உணர்கிறோம்? உடலியல் அறிந்தோர் கூறும் காரணங்கள் மாணவர்க்கு விருந்தாகும்.

முதலாவது கண். வெளிச்சத்தில் இருந்தவர் இருளுக்குட் புகுந்தால், கண் அவ்விருளுக்கு முற்றும் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். இருளிற் காண உதவும் நுண்கலங்கள் நிறத்தைக் காட்டா. உருவின் விளிம்பையும் கூர்மையாகக் காட்டா. குறைபட்ட அச்சித்திரத்தை மூளை தான் அறிந்த உருவங்களைக் கொண்டு நிரப்பி விடுகிறது. கொடியிற் காயும் சட்டை மனிதனாவதும், வாழைமரம் கைவீசுவதும் இவ்வாறே. கயிற்றைப் பாம்பெனக் கண்டு வெருவுவதை நம் வேதாந்திகள் உவமையாக எடுத்தாண்டதும் இவ்வியல்பு நோக்கியே.

இரண்டாவது உறக்கம். ஆழ்ந்த துயிலிலிருந்து திடீரென எழுப்பப்பட்டவரின் அறிவு உடனே தெளிவதில்லை. கால்கள் ஓடத் தொடங்கிவிடும். ஆராயும் ஆற்றலோ இன்னும் பாயிலேயே படுத்திருக்கும். அந்நேரத்திற் செய்யும் முடிவுகள் மயக்கத்திற் செய்யும் முடிவுகளே.

மூன்றாவது, 'அமுக்குவான் பேய்' என்று நம் பாட்டிமார் கூறும் நிலை. கனவு காணும் வேளையில், கைகால்கள் கனவைப் பின்பற்றி ஆடாதபடி உடலின் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. சில வேளை தசைகள் விடுபடுமுன் மனம் விழித்துவிடும். அப்போது கண் திறந்திருக்கும், உடல் அசையாது, மார்பின்மேல் எவரோ அமர்ந்திருப்பது போலவும், அறையிலே அயலான் ஒருவன் நிற்பது போலவும் தோன்றும். சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் இது தானே நீங்கும். உடல்நலம் உள்ளவர்க்கும் இது நேர்வதுண்டு. இதனை அனுபவித்தவர் பொய் சொல்பவர் அல்லர். அவர் உணர்ந்தது உண்மை, வந்தவன்தான் உண்மையல்லன்.

நான்காவது, பிறர் வாய்ச்சொல். 1944 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மட்டூன் என்னும் சிற்றூரில், இரவிற் படுக்கையறைச் சாளரத்தின் வழியே நச்சுவாயு செலுத்துபவன் ஒருவன் திரிகிறான் என்ற பீதி கிளம்பிற்று. பத்திரிகை முதல் முறைப்பாட்டைப் பெரிய எழுத்தில் வெளியிட்டது, முறைப்பாடுகள் பெருகின. எழுத்துச் சிறுத்தது, முறைப்பாடுகளும் மறைந்தன. அடுத்த ஆண்டே டொனால்ட் ஜோன்சன் என்பார் இதனை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 2001 மே மாதத்தில் டெல்லி நகரில் 'குரங்கு மனிதன்' வந்தான். கடுங்கோடை, மின்வெட்டு, மக்கள் மொட்டைமாடியிற் படுத்துறங்கிய காலம். "வந்துவிட்டான்!" என்ற கூச்சல் கேட்டு இருளில் ஓடியவர்களிற் சிலர் மாடியிலிருந்து வீழ்ந்து இறந்தனர். கண்டவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அவனை வருணித்தனர். பிடிபட்டவர் எவருமில்லை.

வாயிலுக்கு வந்த விருந்தினர்

இனிக் கூறப்போகும் இரண்டு நிகழ்ச்சிகளிலும் பூதம் இல்லை. அயலார் மட்டுமே உளர்.

யொஷிஹிரோ ஹட்டோரி என்னும் ஜப்பானிய மாணவன், வயது பதினாறு, கல்விப் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகருக்குச் சென்றிருந்தான். 1992 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆந் திகதி இரவு, தான் தங்கியிருந்த வீட்டுப் பையனுடன் ஒரு மாறுவேட விருந்துக்குப் புறப்பட்டான். விருந்து நடந்த வீட்டுக்கு அணித்தாயிருந்த வேறொரு வீட்டு மணியை இருவரும் தவறுதலாக அழுத்தினர். கதவைத் திறந்த பெண்மணி விசித்திர உடையைக் கண்டு வெருண்டு, துப்பாக்கியைக் கொண்டுவரும்படி கணவரைக் கூவினார். கணவர் துப்பாக்கியுடன் வந்து, "அசையாதே" என்னும் பொருளில் 'ஃப்ரீஸ்' என்றார். உறைதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆங்கிலம் இன்னும் நன்கு பழகாத சிறுவன் அதன் பொருளை அறிந்திலன் போலும். விருந்துக்கு வந்தோம் என்று சொல்லியவாறே முன்னே நடந்தான். ஒரே வெடி, சிறுவன் மாண்டான்.

சுட்டவரை 1993 இல் ஜூரிகள் குற்றமற்றவர் என விடுவித்தனர். அடுத்த ஆண்டு உரிமையியல் நீதிமன்றம் 6,50,000 டொலருக்கு மேல் நட்டஈடு வழங்குமாறு பணித்தது. மகனை இழந்த பெற்றோர் பழிவாங்கும் எண்ணம் கொண்டாரல்லர். அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி எளிதிற் கிடைப்பதைத் தடுக்குமாறு வேண்டி, ஜப்பானில் 17 இலட்சம் பேரின் கையொப்பம் திரட்டி, 1993 இல் ஜனாதிபதி கிளின்டனிடம் சமர்ப்பித்தனர். அந்த இரவில் அவ்வீட்டில் உண்மையான ஆபத்து எதுவுமே இருக்கவில்லை. வாயிற்படிக்கு வந்தவன் விருந்துக்கு வந்த பிள்ளை. கதவை மூடியிருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். தங்களைக் காக்கப் போதுமானது அந்த மூடிய கதவொன்றே என்பதை அச்சம் மறக்கச் செய்தது.

மற்றது நமக்கு அணித்தான தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற பொய்ச்செய்தி 2018 இல் வாட்ஸ்அப் மூலம் இந்தியாவெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு மே 9 ஆந் திகதி, குலதெய்வத்தை வழிபடச் சென்ற ஒரு குடும்பத்தினர், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினர். அக்குடும்பத்துக் மூதாட்டியொருவர் அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் இனிப்புக் கொடுப்பது நம் பாட்டிமார் எல்லோரும் செய்வதன்றோ? அதுவே அவருக்கு எமனாயிற்று. கூட்டம் திரண்டது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். இது பகலில் நிகழ்ந்தது. எனினும் பொய்ச்செய்தி முன்னரே விதைத்த அச்சமே பகலில் விளைந்ததென்பது புலனாகும். இத்தகைய கொலைகள் பல நிகழ்ந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவிற் கட்டுப்பாடு விதித்தது.

தொல்காப்பியத்தில் விருந்து என்னும் சொல் புதுமை என்ற பொருளில் வருதலை இவ்விடத்து நினைவிற் கொள்க. உறவினரும் நண்பரும் சுற்றத்தார். முன்பின் அறியாது புதியராய் வந்தவரே விருந்தினர். வள்ளுவர் பத்துக் குறட்பாக்களில் ஓம்பச் சொன்னது அப்புதியவரைத்தான். வழிநடைக்காரர்க்குச் சோறிடும் வெருகல் போன்ற ஊர்கள் அவ்வறத்தை ஏட்டிற் படித்துச் செய்யவில்லை. பரம்பரையாகச் செய்து வருகின்றன. புதியவரெல்லாம் பகைவர் என்ற எண்ணம் ஒருமுறை வேரூன்றினால், முதலிற் பட்டுப்போவது இவ்வறமே.

பாண்டியன் தட்டிய கதவு

இரவிற் கதவு தட்டப்பட்டதால் நேர்ந்த குழப்பம் நம் இலக்கியத்திலும் உண்டு. சிலப்பதிகாரத்துக் கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் பாண்டியர் குலத்தின் செங்கோற் சிறப்பைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கையில், பொற்கைப் பாண்டியன் செய்தியும் வருகிறது. வழிவழியாக வழங்கும் அக்கதை இதுவாகும்.

மதுரையிற் கீரந்தை என்னும் அந்தணன் வெளியூர் செல்லும்போது, தனித்திருக்க அஞ்சிய மனைவிக்கு, அரசன் காவல் உனக்குண்டு என்று ஆறுதல் கூறிச் சென்றான். நகர்சோதனை வந்த பாண்டியன் அதனைக் கேட்டு, இரவுதோறும் அவ்வீட்டைக் காத்து வந்தான். ஒரு நாள் உள்ளே ஆடவன் குரல் கேட்டது. ஐயுற்ற அரசன் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவனோ அன்றுதான் ஊர் திரும்பிய கீரந்தை! நள்ளிரவிற் கதவைத் தட்டுபவன் யார் என்று அவன் தன் மனைவியை ஐயுறக் கூடுமே என உணர்ந்த அரசன், கணமும் தாழாது, அத்தெருவிலுள்ள கதவுகள் அனைத்தையும் தட்டிச் சென்றான். மறுநாள் தெருவார் அரண்மனையில் முறையிட்டனர். குற்றவாளிக்கு என்ன தண்டம் என்று கேட்க, கையை வெட்டவேண்டும் என்றனர். அரசன் தன் கையையே வெட்டிக்கொண்டான். பின்னர்ப் பொற்கை பூண்டான்.

இக்கதையில் தீயோர் ஒருவருமில்லை. காவலன் நல்லவன், கணவன் நல்லவன், மனைவி உத்தமி. இருளும் ஒரு குரலும் ஒரு தட்டலும் சேர்ந்து மூவரையும் அழிவின் விளிம்புக்குக் கொண்டு வந்தன. அரசன் செய்த பெருமை யாது? தன் செயலால் ஒரு வீட்டிலே எழக்கூடிய ஐயத்தைத் தானே நினைந்து, அதனைத் தன்மேல் ஏற்றுக்கொண்டமையே. அதிகாரம் உடையவர் இரவிற் குடிமக்கள் வாயிலுக்குச் செல்லும்போது தம்மை யாரென்று விளங்கச் சொல்லவும், பிழை நேர்ந்தாற் பொறுப்பேற்கவும் கடமைப்பட்டவர் என்பதே இக்கதையின் உட்கிடை. 2011 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் கரையோர மக்கள் எதிர்பார்த்ததும் இதனையேயன்றி வேறன்று.

நாம் செய்யத்தக்கவை

அச்சமே கூடாதென்று எவரும் சொல்லார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்று வள்ளுவரே கூறிவிட்டார். கள்வர் உளர், கொடியவரும் உளர். ஆகவே அச்சத்துக்கு ஒழுங்கு வகுத்துக் கொள்வதே அறிவுடைமை. அது பகலில், விளக்கொளியில், குடும்பத்தினர் அனைவரும் கூடியிருக்கும்போது செய்யத்தக்கது.

நள்ளிரவில் ஓசை கேட்டால் முதற்காரியம் விளக்கேற்றல். உள்ளே ஒளி எழுந்தாற் கள்வன் ஓடுவான். வழி தவறியவன் குரல் கொடுப்பான். நம் அறிவும் தெளியும். அடுத்தது, கதவைத் திறவாமலே உரத்த குரலில், "யார் அது? என்ன வேண்டும்?" என்று கேட்டல். விடைக்குப் போதிய நேரம் கொடுத்தல் வேண்டும். வந்தவர் செவிப்புலன் குன்றியவராகவோ, நம் மொழி அறியாதவராகவோ, நோயால் நா எழாதவராகவோ இருத்தல் கூடும். விடை திருப்தி தராவிடின் கதவைத் திறக்க வேண்டா, அயலாரைக் கூப்பிடுக, 119 என்னும் இலக்கத்துக்குப் பொலிஸாரை அழைக்கலாம். தனியே வெளியே பாய்ந்து துரத்துவது வீரமன்று. இருளில் எறிந்த கல்லும் வீசிய கத்தியும் யார்மேற் படுமென்பதை எறிந்தவரே அறியார். யானை நீருண்ணும் ஒலியென்று கருதித் தயரதன் எய்த அம்பு, கண்ணிழந்த பெற்றோர்க்கு நீர் மொண்ட மகனையன்றோ மாய்த்தது!

பிறர் வீட்டுக்கு இரவிற் செல்வோர்க்கும் முறையுண்டு. நம் கிராமங்களிற் படலையைத் தாண்டுமுன் வெளியே நின்று, "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுப்பதும், இருமிக்கொண்டு வருவதும், கையிலுள்ள விளக்கைத் தம் முகத்தில் விழுமாறு உயர்த்துவதும் பழைய வழக்கம். "நான்தான் அக்கா, கோயிலடிப் பெரியவரின் மகன், அம்மாவுக்குச் சுகமில்லை" என்று ஊர், உறவு, வந்த காரியம் மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்வார்கள். இதனை நாட்டுப்புறத்தாரின் பழக்கம் என்று இளைஞர் எள்ளலாகாது. பெயரும் காரியமும் தெரிந்த கணமே அயலான் அயலானல்லன்.

செய்தி பரப்புதலிலும் விழிப்பு வேண்டும். "பக்கத்து ஊரில் பிடித்தார்களாம்", "அவர் கண்டாராம்" என்று வருவனவற்றைக் கேட்கும்போது, கண்டவர் யார், எங்கே, எப்போது என்ற மூன்று வினாக்களை மாணவர் எழுப்புதல் வேண்டும். விடையில்லையெனில் அச்செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். தாக்கப்பட்டேன் என்று ஒரு பெண் கூறினாலோ, அதனை வதந்தியென்று தள்ளலாகாது. மருத்துவரிடமும் பொலிஸாரிடமும் அவரை அழைத்துச் சென்று முறைப்படி பதிவு செய்விக்க வேண்டும். வதந்தியையும் வாக்குமூலத்தையும் வேறுபிரித்து அறிவது கல்வியின் பயன்களுள் ஒன்று.

ஐயத்துக்குரியவர் எவரேனும் அகப்பட்டால், அவரைத் தொடாது தடுத்துவைத்துப் பொலிஸாரிடம் ஒப்படைக்க ஊர்ப் பெரியோர் முன்வருதல் வேண்டும். கூட்டத்திலே அறிவு குறையும்; துணிவு கூடும். தனியொருவனாகக் கல்லெடுக்க நாணுபவன் நூறு பேருள் ஒருவனாக நின்று எறிகிறான். "நிறுத்துங்கள், முதலில் இவர் யாரென்று கேட்போம்" என்று சொல்ல ஓர் ஆசிரியர், ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு துணிவுள்ள தாய் அவ்விடத்து இருந்தாற் போதும், உயிரொன்று பிழைக்கும். ஹல்துமுல்லையிலும் போளூரிலும் அந்த ஒரு குரல் எழவில்லை, எழுந்திருந்தால், கேட்கப்படவில்லை.

குறுந்தொகையில் நன்னாகையார் பாடிய பாட்டொன்றிலே, பறவையும் விலங்கும் அடங்கிய மாலையில், பலரும் புகும் பெருவாயிலை அடைக்க வந்தவர்கள், அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் வெளியில் உள்ளீரோ என்று கூவிக் கேட்கின்றனர். தலைவனை எதிர்பார்த்திருந்த தலைவிக்கு அக்குரல் துயரைத் தந்தது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த வாயில் காப்போரின் வழக்கம். அவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்கவில்லை, கேளாது அடைக்கவுமில்லை. கேட்டார்கள், விடைக்குக் காத்தார்கள், பின்னரே அடைத்தார்கள். இன்றிரவு நம் வீட்டுக் கதவைத் தாழிடும்போது இவ்வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.